புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள்

1

நேற்று மதியச் சாப்பாட்டில் என் மகள் இனியாவுக்குப் புரையேறிவிட்டது. ரசத்தை அவசரமாக உறிஞ்சியிருக்கிறாள். கண்ணில் நீர் வர இருமினாள். நான் எழுந்துபோய் அவள் உச்சந்தலையில் தட்டினேன். நம்மூரில் யாருக்குப் புரையேறினாலும் கை தானாகத் தலைக்குப் போகும். வாயும் தானாகச் சொல்லும், யாரோ நினைக்கிறார்கள் என்று. கை போய்விட்டது. வாயும் பாதி திறந்தது. சொல்ல வரவில்லை.

நேற்று என் தம்பி பாணிக்குத் தலைத்திவசம். கொடைக்கானல் அட்டுவம்பட்டி வீட்டில் அம்மா படையல் போட்டிருப்பாள். நான் இங்கே, நெதர்லாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில், அவனுக்குப் பிடித்த ரசமும் உருளைக்கிழங்கு மசியலும் செய்து அவன் படத்துக்கு முன்னால் வைத்தேன். இலை கிடைக்காது. பீங்கான் தட்டில்தான் படையல். வெளியே மூடுபனி. அதைப் பார்த்து, அப்படியே எங்க கொடைக்கானல் மாதிரியே இருக்கிறது என்று உருகுகிறவர்களை எனக்குத் தெரியும். சுற்றுலா வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனவர்கள். குளிரும் ஈரமும் நெஞ்சுக்குள் போய் என்ன செய்யும் என்று பார்த்தவளுக்கு இரண்டு ஊர்ப் பனியும் ஒன்றுதான், இரண்டும் பிடிக்காது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் புரையேறியது அல்ல. இருமல் அடங்கியபின் இனியா என்னிடம் கேட்டது. அதைக் கடைசியில்தான் சொல்ல முடியும். இப்போதே சொன்னால் பைத்தியக்காரப் பிள்ளை என்று நினைத்துவிடுவீர்கள்.

2

பாணியின் முழுப்பெயர் தண்டபாணி. என்னைவிட ஐந்து வயது இளையவன். பிரசவம் இழுத்துக்கொண்டே போய், அழாமல் பிறந்த பிள்ளை. மூளை முடக்குவாதம் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பது எங்களுக்குத் தெரியவரும்போது அவன் பள்ளிக்கூடம் போகிற வயதைத் தாண்டியிருந்தான். அதுவரை அவன் "நடக்காத பிள்ளை", அவ்வளவுதான். கைகால் விறைத்துக்கொள்ளும். கழுத்து நிற்காது. பேச்சு வராது. ஆனால் ஆளை நன்றாகத் தெரியும். அப்பா கிளாவரைப் பக்கமிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் லாரி ஓட்டினார். திரும்பி வரும்போது மேட்டில் அந்த வண்டி உறுமும் சத்தம் கேட்டதும் பாணியின் உடம்பு முழுக்கச் சிரிக்கும். பிடிக்காதவர்கள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்த விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே நேர்மையானவன் அவன்தான்.

வளர வளர முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்தது. ஆளான பிறகு அவன் விலா எலும்பு இடுப்பில் போய் இடித்தது. முதுகு வலிக்குமே என்று கவலைப்பட்டோம், எண்ணெய் தேய்த்தோம், பழனிக்கு வேண்டிக்கொண்டோம். அந்த மடிந்த கூட்டுக்குள் நுரையீரல் எங்கே விரியும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. மாதம் ஒரு தரம் சளி, காய்ச்சல். மலையில் இருந்தால் சளி பிடிக்கத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டோம். பனிக்காலத்தில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கணப்புச் சட்டி வைப்போம். சீகை விறகுக் கரி, கதவு சன்னல் எல்லாம் சாத்தி. அவனுக்குக் குளிரக் கூடாது என்பதில் அம்மா அவ்வளவு கெட்டி.

சாப்பாடு அம்மாவின் மடியில். காலை நீட்டி உட்கார்ந்து, அவனைக் கைக்குழந்தை போல மல்லாக்கப் படுக்கவைத்து, குழைத்த ரசஞ்சோற்றை விரலால் ஊட்டுவாள். மீசை நரைக்கத் தொடங்கிய ஆணுக்கு அப்படி ஊட்டுவதைப் பார்த்து வெளியாட்கள் கண்கலங்கிப் போவார்கள். நடுவில் தம்ளரைச் சாய்த்துத் தண்ணீர். உடனே புரையேறும். அம்மா அவன் உச்சியில் தட்டி, "யாரோ நெனைக்கிறாகடா ஒன்னைய" என்பாள். அவன் இருமி முடித்துச் சிரிப்பான்.

நான் ஊரில் இருந்தவரை அந்த யாரோ மாறிக்கொண்டிருந்தார்கள். அப்பா லாரியில் நினைத்தார், ஒட்டன்சத்திரத்துச் சித்தி நினைத்தாள். அப்பா போய்ச் சேர்ந்து, நானும் கல்யாணமாகி இந்தக் குளிர்தேசத்துக்கு வந்த பிறகு அவனை நினைக்க ஒரே ஆள்தான் மிச்சம். ஃபோன் எடுத்ததும் அம்மா அதைத்தான் முதலில் சொல்வாள். மத்தியானம் அவனை நினைச்சியாத்தா, சாப்பிடையில ரெண்டு தடவ ஏறிருச்சு. ஆமாம்மா, அப்பத்தான் அவன் ஞாபகம் வந்துச்சு என்பேன். பொய்யுமில்லை. எனக்கு எந்நேரமும் அவன் ஞாபகம்தான். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவன் உடம்பில் ஒரு சின்ன அசைவை உண்டாக்க முடிகிறதே என்று மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

இனியாவுக்கு ஐந்து வயதானபோது அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை ரொட்டி நேரத்தில் அங்கே மதியச் சோறு. வீடியோவில் அம்மா ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்து, எங்களைப் பார்த்துக்கொண்டே அவனுக்கு ஊட்டுவாள். "ஏத்தா இனியா, மாமாவ நெனை பாப்போம்" என்பாள். இவள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். அங்கே அவனுக்குப் புரையேறும். இவள் கைதட்டிக் குதிப்பாள். அவன் மூச்சு வாங்கச் சிரிப்பான். அந்த ஐந்து நிமிஷம் நாங்கள் நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

3

எனக்கு இங்கே வேலை, மாற்றுத்திறனாளிகள் தங்கியிருக்கும் ஒரு இல்லத்தின் சமையலறையில். ஊரில் எம்.காம். படித்தவள். மொழித் தேர்வில் தோற்றுத் தோற்று ஒரு வழியாகத் தேறியபோது, உன் மொழி சமையலறைக்குப் போதும் என்றார்கள். நானும் அதற்கு மேல் சண்டைக்குப் போகவில்லை.

அங்கே தேநீரில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் தேன் போல மெல்ல வழிய வேண்டும், அந்தப் பதம். சிலருக்கு அதைவிடக் கெட்டி. பல் போனவர்களுக்கு ஏதோ சத்து மாவு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். யாரிடமாவது கேட்டால் இது தெரியாதா என்பார்களோ என்று கேட்கவும் இல்லை.

ஒரு நாள் ஆள் குறைவு. பீட்டர் என்பவருக்கு நீயே தேநீர் கொடுத்துவிடு என்றார்கள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாணியின் அதே மடங்கிய மணிக்கட்டு, அதே வாய் கோணிய சிரிப்பு. பாசத்தில் அம்மா செய்வதையே செய்தேன். ஒரு கையால் அவர் தலையைப் பின்னால் சாய்த்துத் தாங்கி, மறுகையால் தம்ளரை உயர்த்தினேன். எங்கிருந்தோ ஓடிவந்து ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். மரைக்கே என்று பெயர். சாப்பிடுகிறவர்கள் எப்படி விழுங்குகிறார்கள் என்று கவனிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். கைகாலைப் போலத் தொண்டைத் தசையும் இவர்கள் சொன்னபடி கேட்காது. தண்ணீர் மாதிரி ஓடுவது, மூச்சுக்குழாயின் மூடி சாத்துவதற்குள் உள்ளே போய்விடும். தலையைச் சாய்த்தால் இன்னும் சுலபமாகப் போகும். இருமி வெளியே தள்ள இவர்களுக்குப் பலம் போதாது. முதுகு வளைந்திருந்தால் சளியும் உள்ளேயே தங்கிவிடும். வாயில் இருக்கும் அழுக்கும் கூடவே இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் கெட்டுப்போகும். இவர்களில் பலரைக் கொண்டுபோவது கையும் காலும் அல்ல, மூச்சுதான் என்றாள்.

இந்த மொழியில் புரையேறுவதற்கு உள்ள சொல்லுக்கு நேரான அர்த்தம், தவறாக விழுங்குதல். நினைப்பு கினைப்பு ஒன்றும் அதற்குள் கிடையாது.

ஒரு வேளைச் சாப்பாட்டில் எத்தனை தடவை வரை பரவாயில்லை என்று கேட்டேன். யாருக்கு என்று கேட்டாள். என் தம்பிக்கு. எவ்வளவு அடிக்கடி வருகிறது? தினமும், எல்லா வேளையும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக என்றேன். அது ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டாள். அம்மா எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவசரமாக ஊட்டுவாள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? விடுமுறை நாள் என்று மட்டும் சொன்னேன்.

4

ஃபோனில் ஒரு தாய்க்குச் சாப்பாடு ஊட்டக் கற்றுக்கொடுக்க முயன்றிருக்கிறீர்களா? அதுவும் நாற்பது வருஷம் ஊட்டியவளுக்கு? முதல் நாள் அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் நாள், "நாப்பது வருசமா நாந்தேன் ஊட்டுறேன். நீ அங்கிட்டு மாவு கலக்கிட்டு எனக்குப் பாடம் சொல்றியாக்கும்" என்று வைத்துவிட்டாள். நியாயம்தான். ஆனால் வேறு யார் சொல்வார்கள்? மலையில் விழுங்குவதைப் பார்க்க ஆள் ஏது?

பொடி டப்பாக்களை பார்சலில் அனுப்பினேன். இது மருந்தா, உணவா, வேதிப்பொருளா என்று இந்த நாட்டுத் தபாலில் ஒரு கேள்வி, அங்கே சுங்கத்தில் அதே கேள்வி திருப்பி. வெள்ளைப் பொடி என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கடைசியில் அது எனக்கே திரும்பி வந்தது, ஈரம் இறங்கிக் கட்டியாகி.

அப்போதுதான் பஞ்சாமிர்தம் ஞாபகம் வந்தது. பழனிக்குப் போய் வந்தால் டப்பா டப்பாவாக வரும். அதை ஊட்டினால் அவனுக்குப் புரையேறியதே கிடையாது. சாமி பிரசாதம், அதனால்தான் ஏறவில்லை என்பாள் அம்மா. சாமியெல்லாம் இல்லம்மா, கெட்டியா இருக்கு, மெல்ல வழுக்கிட்டு எறங்குது, எதைக் குடுத்தாலும் அந்தப் பதத்துக்குக் குடு என்றேன். அது அவளுக்குப் பிடிபட்டது. அதன்பின் கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு என்று மாற்றினாள். பல் விளக்கிவிட்டாள். கணப்புச் சட்டியைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். ஒட்டன்சத்திரத்துச் சித்தி மகன் முருகேசன் ஒரு தச்சரைப் பிடித்து, பாணியின் வளைவுக்கு ஏற்றபடி முட்டுக்கொடுத்து ஒரு சாய்வு நாற்காலி செய்து கொடுத்தான். முதல் தடவையாக என் தம்பி உட்கார்ந்து சாப்பிடுவதை வீடியோவில் பார்த்தேன். உயரமாக இருந்தான். அவன் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கடுங்காப்பியை விடமாட்டான். விடிகாலைக் குளிரில் அப்பா வாயில் வைத்துப் பழக்கிவிட்ட ருசி. கூழாக்கிக் கொடுத்தால் துப்புவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். கொடுக்கவில்லை என்று அம்மா சொல்வாள், முருகேசனைக் கேட்டால் வேறு சொல்வான். எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன்கூட. அதற்கு அம்மா சொன்னது இது.

"நடக்கல, பேசல, ஒரு கல்யாணங்காச்சின்னு அவன் என்னத்தக் கண்டான்? அவன் வாயத் தொறந்து கேக்குறது அந்தக் காப்பி ஒண்ணுதேன். அதையும் நான் பிடுங்கணுமாத்தா?"

5

சில மாதம் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். இப்பல்லாம் அவனுக்குப் புரையேறுவதே இல்லையாம். காப்பி கொடுத்தால்கூட ஏறவில்லையாம், அதையும் அவளே உளறிவிட்டாள். நீ சொன்னது சரிதாத்தா, தொண்டை பழகிருச்சு என்றாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் மரைக்கேயிடம் போய்ச் சொன்னேன், ஏதோ பரீட்சையில் தேறியவள் மாதிரி. அவள் சிரிக்கவில்லை. காய்ச்சல் நின்றதா என்று கேட்டாள். இல்லை, கூடியிருந்தது. எடை? குறைந்திருந்தது. சாப்பிட்டபின் தொண்டையில் ஈரமாக ஒரு கொறகொறப்பு? இருந்தது.

இருமல் நின்றது நல்ல சேதி இல்லை என்றாள். தவறான வழியில் போவதைத் தொண்டை கவனிப்பதையே விட்டுவிட்டிருக்கலாம். சத்தமில்லாமல் உள்ளே போகும். அதுதான் மோசம்.

அந்த ஞாயிறு இதை அம்மாவுக்குப் புரியவைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நல்லா இருக்கான்னு சொன்னா அதுக்கும் ஒரு கொறை சொல்றியே என்று அழுதாள். கடைசியில் நானும் குரலை உயர்த்தினேன்.

"நம்ம நாய் வயசாகிக் குரைக்கிறத நிறுத்துச்சே, அதனால காட்டுமாடு தோட்டத்துல எறங்குறது நின்னுபோச்சாம்மா? ஒவ்வொரு தடவ அவனுக்குப் புரையேறுனப்பயும் நெஞ்சுக்குள்ள தண்ணி போயிருக்கு. நெனைக்கிறாக நெனைக்கிறாகன்னு நாமதேன் சிரிச்சிட்டிருந்தோம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் பின்னால் நாற்காலியில் பாணி இருந்தான். மூச்சு வேகமாக ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. மேசையின் மறுமுனையில் இனியா உட்கார்ந்து ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும் தமிழ் அவளுக்கு அவ்வளவாகப் புரியாது என்பது வீட்டில் எங்கள் எண்ணம்.

6

இனியா விலகிப்போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஞாயிறு காலை ஃபோன் நேரத்துக்கு அவளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். சிநேகிதி பிறந்தநாள், ஹாக்கிப் பயிற்சி, வீட்டுப்பாடம். வந்தாலும் திரையைப் பார்க்காமல் ஒரு ஹலோ. மாமா கூப்பிடுறாங்க பாரு என்றால் எழுந்து போய்விடுவாள். அவன் தன் வழக்கப்படி ஊவென்று ஒரு ராகம் இழுப்பான், அவளுக்காகவே வைத்திருக்கும் சத்தம் அது. அறையில் ஒட்டியிருந்த அவன் படத்தையும் ஒரு நாள் காணோம். கேட்டால் தோளைக் குலுக்கினாள். தமிழில் கேட்டால் இந்த ஊர் மொழியில் பதில்.

இங்கே இருக்கிற தமிழ் அம்மாக்கள் கூடினால் பேச்சு இதுதான். பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்கள், சொந்தபந்தம் ஒட்டுவதில்லை. அந்தப் புலம்பலில் நானும் சேர்ந்துகொண்டேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. வாய்கோணி எச்சில் ஒழுகும் மாமாவைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். கணவரிடம் சொல்லி அழுதேன். இந்த வயசில் அப்படித்தான், விடு என்றார். பேத்தி நம்மளை மறந்துட்டா என்று அம்மா சொன்னாள்.

இதற்கிடையில் பாணியை மலையிறக்கி மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். முருகேசன் எக்ஸ்ரேயை ஃபோனில் படம்பிடித்து அனுப்பினான். வலது பக்கம் கீழே வெள்ளையாக இருந்தது. நான் மரைக்கேயிடம் காட்டவில்லை. எனக்கே தெரிந்தது. வாய்வழியே கொடுப்பதை நிறுத்துங்கள், வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்துவிடலாம், முழுசாகச் சரியாகாது, ஆனாலும் இழுத்துப்பிடிக்கலாம் என்றார்கள் டாக்டர்கள். அம்மா முதலில் ஒப்பவில்லை. ஊட்டுவதை எடுத்துவிட்டால் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் வேறென்ன இருக்கிறது? மூன்று வேளையும் அதுதான் அவர்கள் பேச்சு. நான் கெஞ்சினேன், மிரட்டினேன். ஒரு வழியாகச் சரி என்றாள். பூசம் கழியட்டும், நேர்ந்திருக்கேன், பூசத்துக்கு முன்னால அவன் உடம்புல கத்தி வைக்க வேணாம் என்றாள்.

சரி, தைப்பூசம் கழியட்டும் என்று நானும் சொன்னேன். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பயணத்துக்கு ஏற்பாடு செய்யலாம் என்று பார்த்தால், என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கப் போயிருந்தது. அது கைக்கு வருமுன் நாட்டை விட்டுப் போனால், திரும்பி வரத் தனியாக ஒரு முத்திரை வேண்டும். அதற்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள், அவர்கள் இஷ்டப்படி. அலுவலகத்தில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள். நோயாளி உங்கள் குழந்தையா? இல்லை, தம்பி. பெரியவரா? பெரியவன்தான். அவர் இறக்கும் தறுவாயில் இருக்கிறார் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் உடனே போட்டுத் தருகிறேன் என்றாள். உதவி செய்யத்தான் சொன்னாள், பாவம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"எம் புள்ள சாகப் போறான்னு எழுதிக் குடுங்கன்னு நானே போய் நிக்கணுமா? அப்படியொரு கடுதாசி என் வீட்டுக்குள்ள வர வேணாம். நீ மெதுவா வாத்தா. அவன் எங்க போயிரப் போறான்."

நானும் கேட்டு வாங்கவில்லை. எனக்கும் அந்த வார்த்தையை எழுத்தில் பார்க்கத் தைரியம் இல்லை.

7

பூசத்துக்கு முந்தின வாரம் மலையில் கடும் பனி. காலையில் காய்ச்சல், மதியத்துக்குள் உதடு நீலம். ஆம்புலன்ஸில் ஏற்றி மலையிறக்கினார்கள். அம்மாவும் முருகேசனும் கூட. கொண்டை ஊசி வளைவுகளில் பாணி வாந்தியெடுத்தான். எடுத்ததில் பாதி உள்ளேயே போயிருக்க வேண்டும். வத்தலக்குண்டு வருமுன்பே முடிந்துவிட்டது. "மூச்சு நிக்கிற வரைக்கும் ஒரு இருமல் இல்லத்தா" என்றாள் அம்மா. "சமத்தா இருந்தான்."

ஃபோன் வந்தபோது எனக்கு இங்கே காலை. பீட்டரின் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். பதம் சரியாக வந்திருந்தது.

முத்திரைக்கான நேரம் அடுத்த வாரம்தான் இருந்தது. அதனால் என் தம்பியை முருகேசனின் ஃபோன் வழியாக அனுப்பிவைத்தேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வளைந்த முதுகு நேராக நிற்காமல் ஒரு பக்கம் தலையணை வைத்திருந்தார்கள். ஆட்கள் நடமாட்டத்தில் படம் ஆடிக்கொண்டே இருந்தது. வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. நாலைந்து பேர் போட்டார்கள். அம்மாவின் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அவள் குனிந்து, அவன் வாயருகே கையைக் கொண்டுபோய், நிறுத்திவிட்டாள். ரொம்ப நேரம் நின்றாள். போடுத்தா, நேரமாகுது என்று யாரோ சொன்னார்கள்.

"தலையத் தூக்கிப் பிடிங்கப்பா" என்றாள் அம்மா. "படுக்கவச்சு ஊட்டக் கூடாதுன்னு எம் மக சொல்லியிருக்கா."

முருகேசன் ஃபோனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போய், இரண்டு கையாலும் தலையை ஏந்திப் பிடித்தான். அம்மா ஒவ்வொரு அரிசியாக வைத்தாள். பிறகு அவன் உச்சியில் மெல்லத் தட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை.

8

நேற்றைய சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். இனியாவின் இருமல் அடங்கியது. என் கை அவள் தலையிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் பாணியின் படத்தைப் பார்த்தாள். பிறகு தமிழில் பேசினாள். என் அம்மாவிடமிருந்து கற்ற அந்த மலைத்தமிழ், இரண்டு வருஷமாக அவள் வாயில் நான் கேட்டே இராதது.

"நான் நெனைக்கலம்மா" என்றாள்.

என்ன நினைக்கவில்லை என்று கேட்டேன்.

"மாமாவ. நெனைச்சா அவங்களுக்குப் புரையேறும்ல, நெஞ்சுக்குள்ள தண்ணி போகும்ல. நீ அம்மாச்சிட்ட சொன்னேல. அதுக்கப்பறம் நான் நெனைக்கவே இல்ல. ஞாபகம் வந்துச்சுன்னா வேற எதையாச்சும் வேகமா யோசிப்பேன். செத்துப்போன அன்னைக்கும் நெனைக்கல, சத்தியமா. ஸ்கூல்ல கணக்குப் போட்டுட்டிருந்தேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அது அப்படி இல்லடா, நினைக்கிறதாலெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகாது, அது தொண்டையில் இருந்த கோளாறு என்று சொல்லத் தொடங்கினேன். மரைக்கே எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் கலந்துகட்டிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஐந்து வயதில் தன் கண்ணாலேயே பார்த்தவள் அவள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, அவள் நினைத்தாள், அவனுக்கு ஏறியது.

நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"இப்ப நெனைக்கலாமாம்மா?"

நினைக்கலாம் என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். எங்கும் யாருக்கும் புரையேறவில்லை.